முகம் திருப்பிய கற்கள்

அன்பு வாசகர்களே! இன்று வெள்ளாற்றின் வடகரைக்குச் சென்று ஆலந்துறைக் கோட்டை எங்கே என்று கேட்டால், ஆடு மேய்ப்பவர்கூடக் கையை விரித்துவிடுவார். கருவேலங்காட்டுக்குள் செங்கல் சிதறிக் கிடக்கும் ஒரு மேடு, அவ்வளவுதான். அந்த மேட்டின்மீது மதிலும் கொத்தளமும் ஓங்கி நின்ற காலத்து மாலைப்பொழுது ஒன்றுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். மகிழ்ச்சியான இடத்துக்குப் போகிறோம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

கதிரவன் மறைந்து, கீழ்வானில் முழுமதி எழுந்து, மெலிந்தோடிய நீரின்மீதும் அதன் இருமருங்கும் பரந்துகிடந்த வெண்மணலின்மீதும் தண்ணொளியைச் சொரிந்துகொண்டிருந்த அந்த வேளையில், தென்புறக் கொத்தளத்தில் கோட்டைத் தலைவர் மழவராயரின் ஒரே மகள் வரகுணை நின்றிருந்தாள். தென்கரையில் பாசறை அமைத்திருந்த கரடிக்கொடிப் படையின் முற்றுகையால் கோட்டைக் களஞ்சியம் வற்றிவிட்டது. ஆற்றைக் கடந்து தெற்கே துணைப்படை திரட்டிவரச் சென்ற பூதிகண்டன், அவளுக்கு மாலையிட இருந்தவன், இன்னும் திரும்பவில்லை. அவன் வந்தால் கோட்டை பிழைக்கும், அவளும் பிழைப்பாள்.

பார்வைக்கு அத்தனை அழகான அந்த ஆற்றுமணல் ஆளை விழுங்கும் மணல். அதில் புதைந்து மாண்டவர் ஒவ்வொருவருக்கும் ஆற்றுக்குள்ளேயே நடுகல் நாட்டி, கல்லில் செதுக்கிய முகத்தை உறுதியான தரை உள்ள பக்கம் நோக்கி வைப்பது ஆலந்துறையார் வழக்கம். தம்மைப்போல் இன்னொருவர் மாளக் கூடாது என்று இறந்தவரே வழிகாட்டுவதாக அவர்கள் நம்பினார்கள். இந்த இரகசியத்தைப் பகைவர் ஒரு கைதியை வதைத்து அறிந்துவிட்டதாக ஒற்றன் வந்து சொன்னபோது, "கற்களின் முகங்களைத் திருப்பிவிடலாம்" என்று சொன்னவள் வரகுணைதான். ஊர் முதியோர் காதைப் பொத்திக்கொண்டார்கள். மழவராயரோ மகளின் மதியூகத்தை மெச்சினார். முந்தைய இரவு அவளே முன்னின்று ஒவ்வொரு கல்லையும் புதைமணல் பக்கம் திருப்பி வைத்தாள்.

"தேவி! அதோ பாருங்கள், வந்துவிட்டார்கள்!" என்று காவலன் கூவினான்.

அக்கரைச் சரிவில் கரடிக்கொடி ஏந்திய பெரும்படை ஓசையின்றி ஆற்றில் இறங்கியது. முதல் கல்லருகே தலைவன் குதிரையை நிறுத்தினான், முகத்தைப் பார்த்தான், சிறிதும் தயங்காமல் அது காட்டிய பக்கம் திரும்பினான். சற்று நேரத்தில் குதிரைகள் அலறின. மனிதர்களும் அலறினார்கள். மதில்மேலிருந்தவர்கள் "வாழ்க இளவரசி!" என்று ஆர்ப்பரித்ததில் அந்த ஓலம் கேட்காமல் போயிற்று.

ஒருவன் மட்டும் எப்படியோ தவழ்ந்து வடகரை ஏறினான். சேறு அப்பியிருந்த அவனை வீரர்கள் இழுத்துவந்து அவள் காலடியில் தள்ளினார்கள். வீரன் ஒருவன் குடத்து நீரை அவன் முகத்தில் வீசினான். சேறு வழிந்தது.

"ஓமாயரே!" என்றாள் வரகுணை. பூதிகண்டனுடன் சென்ற மெய்க்காவலன் அவன். "நீங்கள் ஏன் பகைவர் கொடியின் கீழ்..."

"பாசறையைக் கடக்க வேறு வழியில்லை, தேவி. கொடியைக் கவர்ந்து, அவர்களைப்போல் வேடமிட்டு வந்தோம். 'இனி அச்சமில்லை, நம் கற்கள் இருக்கின்றன' என்று தலைவர்தான் முதலில் இறங்கினார்."

"அவர்... எங்கே?"

ஓமாயன் தலைகுனிந்தான். "மார்பளவு புதைந்த பிறகும் என்னைத்தான் தள்ளிவிட்டார், தேவி. 'கற்களின்மேல் குற்றமில்லை, நிலவொளியில் நான்தான் பிசகாகப் பார்த்துவிட்டேன். தேவியிடம் மன்னிக்கச் சொல்' என்றார். அவ்வளவுதான்."

வரகுணைக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும், பாவம்! கீழே முற்றத்தில் அவளுடைய வெற்றிக்காக இன்னும் முரசு முழங்கிக்கொண்டிருந்தது.

"மகளே, பூதிகண்டனுக்கு இந்த ஆறு காணாத பெரிய நடுகல் எடுப்போம்" என்றார் மழவராயர்.

"அவர் முகத்தை எந்தப் பக்கம் பார்க்க வைப்பீர்கள், தந்தையே?"

மழவராயர் மகளின் தோளைத் தொட வந்தார். அவள் விலகிக்கொண்டாள்.

"ஆலந்துறைக் காளி சாட்சியாகச் சொல்கிறேன். இறந்தவர்களைப் பொய் சொல்ல வைத்தவள் நான். இனி இருட்டும் வேளைதோறும் அந்த உறுதியான தரையில் பந்தம் ஏந்தி நானே நிற்பேன். ஆற்றில் இறங்குபவர் எவராயினும் வழிகாட்டுவேன்."

"எவராயினுமா? பகைவன் வந்தால்?"

"கொடியைப் பார்த்து இனி எவரையும் பகைவர் என்று சொல்ல எனக்கு வாயில்லை, தந்தையே."

சுவரிலிருந்த பந்தத்தை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். தடுக்க ஒருவரும் முன்வரவில்லை. அக்கரைப் பாசறையில், ஆற்றின் நடுவே அசையாமல் நின்ற அந்த வெளிச்சத்தை முதலில் கண்ட காவலன் தன் தலைவனை அழைக்க ஓடினான்.