குப்புறப் படுத்த சாட்சி

முதலில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ உள்ளே வந்தது.

பிறகு கதவு சாத்தப்பட்டது. சத்தம் வராமல்... மெல்ல.

பிற்பகல் மூன்று மணி. நர்ஸ் வரும் நேரமில்லை.

டெய்லரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய உலகம் இப்போது மூன்றடித் தரைதான். மூன்று நாட்களுக்கு முன் வலது கண்ணில் ஆபரேஷன். கிழிந்த விழித்திரையை ஒட்டி, உள்ளே வாயுக் குமிழி வைத்திருந்தார்கள். குமிழி மேலெழும்பித் திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கு முகம் பத்து நாள் தரையையே பார்த்திருக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டில் முகம் வைக்க ஓர் ஓட்டை. அதன் வழியே இடது கண்ணுக்குத் தெரிவதுதான் காட்சி.

"தலையைத் தூக்கினீங்க, கண்ணு போச்சு," என்றிருந்தார் கண் டாக்டர். "இடது கண்ணுலயும் திரை மெலிசு. என்னிக்கு வேணா கிழியும். ரெண்டும் போனா தையல் மெஷினை எடைக்குப் போட வேண்டியதுதான்."

ஷூ நகர்ந்தது.

பக்கத்துக் கட்டிலை நோக்கி...

அங்கே டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தார். மூளையில் வளர்ந்த கட்டி கண் நரம்பை நெரித்து, ஒரு வருடம் பார்வையில்லாமல் இருந்தவர். கட்டியை எடுத்து எட்டு நாள். பார்வை திரும்பிவிட்டது. கூடவே வாயும்.

இன்று காலையில்கூட ஒரே பேச்சு.

"டெய்லரம்மா, போன வருஷம் எடுத்த ஸ்கேன் ஃபிலிமைப் பாத்தேன். கட்டி கொட்டைப்பாக்கு மாதிரி பளிச்சுனு தெரியுது. அந்த ஸ்கேன் டாக்டர் ஒண்ணுமில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டார். நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆனதும் நேரா புகார்தான்."

"கொடுங்க டீச்சர். சிவப்பு மையில சுழிச்சுக் கொடுங்க."

"வீட்லயும் ஒரு வேலை இருக்கு. கண்ணு தெரியாதப்ப இவர் நீட்டின பேப்பர்ல எல்லாம் கையெழுத்துப் போட்டேன். எடுத்து ஒவ்வொண்ணாப் படிக்கணும்."

"மெதுவாப் படிக்கலாம்மா. பேப்பர் எங்க ஓடிப்போகுது?" என்றார் டீச்சரின் கணவர், ஆரஞ்சு உரித்தபடி.

ரப்பர் செருப்பு போட்ட சாதுவான மனிதர். டெய்லரம்மா அட்மிட் ஆன அன்று, அவருடைய பழுப்பு பேண்ட்டின் கால் மடிப்பு பிரிந்து தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது. அவள்தான் கைப்பையிலிருந்து ஊசியை எடுத்தாள்.

"நீல நூல்தான் சார் இருக்கு."

"போடும்மா. யார் காலைப் பாக்கப் போறாங்க?"

இப்போது...

ஷூ டீச்சரின் கட்டிலருகே நின்றது. மேலே வெள்ளைக் கோட்டின் ஓரம்.

'டிக்.' மருந்துக் குப்பி உடைந்தது.

குதிகால்கள் இரண்டும் எம்பின. டிரிப்ஸ் பாட்டிலை எட்டுகிறான்!

குதிகால்கள் இறங்கின. உறை போட்ட ஒரு கை கட்டிலுக்கு அடியில் நுழைந்து ஸ்கேன் கவரை உருவியது.

பிறகு ஷூ திரும்பியது. அவளை நோக்கி.

அவள் மூக்குக்கு நேர்கீழே வந்து நின்றது. பிடரியில் ஒரு விரல் படிந்தது. ஜில்லென்று.

"தூங்கறீங்களா?" கிசுகிசுப்பு. "கொஞ்சம் தலையைத் தூக்குங்க. கண்ணைப் பாக்கணும்."

இந்த ஆஸ்பத்திரியில் எந்த டாக்டரும் சொல்லாத வார்த்தை அது.

டெய்லரம்மா லேசாகக் குறட்டை விட்டாள். இதயம் கட்டிலையே உலுக்குவதாகத் தோன்றியது.

ஒன்று... இரண்டு... மூன்று...

விரல் விலகியது. ஷூ போனது. கதவு சாத்தப்பட்டது.

டீச்சரின் மூச்சு மாறியிருந்தது. ஒரு கரகரப்பு... நீண்ட இடைவெளி... மறுபடி கரகரப்பு.

அழைப்பு மணி சுவரில். தேட முகத்தைத் தூக்க வேண்டும். கத்தலாம். கத்தினால் முதலில் ஓடி வருவது அதே ஷூவாக இருந்தால்?

கண்ணா, டீச்சரா?

அவள் கட்டிலிலிருந்து சரிந்தாள். முகம் தரையைப் பார்த்தபடியே தவழ்ந்தாள். ஒரு கை... ஒரு முழங்கால்... கட்டில் கால் தட்டுப்பட்டது. தலையைக் கவிழ்த்தே கையை மட்டும் மேலே செலுத்தித் துழாவினாள். விரிப்பு. டீச்சரின் மணிக்கட்டு. டியூப்.

இழுத்தாள்.

தரையில் மருந்து சொட்டியது.

கதவு திறந்தது!

அவள் உறைந்தாள். பார்வைக்குள் வந்தவை... வெள்ளைக் கான்வாஸ் காலணிகள்.

"என்ன டெய்லரம்மா, இந்த வயசுல தவழ்ந்து விளையாட்டு?" என்றாள் நர்ஸ்.

"பாட்டில்ல எவனோ எதையோ கலந்துட்டான் சிஸ்டர். முதல்ல டீச்சரைப் பாருங்க..."

மாலை ஐந்து மணி. டீச்சர் பிழைத்துவிட்டார். அறை முழுக்கக் கால்கள்.

"ஃபிலிமைக் காணோம் சார்," டீச்சரின் கணவர் தேம்பினார். "நான் கேன்டீன் போயிருந்தேன். ஸ்கேன் டாக்டரைத் தவிர அதை யார் எடுப்பா?"

"ரிப்போர்ட்டைத் தப்பா எழுதினேன்... ஒத்துக்கறேன்." ஸ்கேன் டாக்டரின் குரல் நடுங்கியது. "ஆனா இந்த ரூமுக்கே நான் வரல சார்."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். "நீங்க முகத்தைப் பாத்தீங்களாம்மா?"

"இல்ல சார்."

"கிழிஞ்சுது போங்க."

"ஆம்பளைங்க எல்லாரும் வரிசையா வந்து எனக்குக் கீழ காலை வைங்க சார்."

"நானுமா?"

"நீங்க என்ன, கால் இல்லாம நடக்கறீங்களா?"

போலீஸ் பூட்ஸ் வந்தது. போனது.

ஸ்கேன் டாக்டரின் கறுப்பு ஷூ வந்தது. நடுங்கியது. போனது.

ரப்பர் செருப்பு வந்தது.

டெய்லரம்மாவின் கை பாய்ந்து அந்தப் பழுப்பு பேண்ட்டின் ஓரத்தைப் பிடித்தது. மூன்று நீலத் தையல்கள். மூன்று மணிக்குக் கறுப்பு ஷூவுக்கு மேலே அவள் பார்த்த அதே தையல்கள்.

"இவர்தான் சார். ஷூவை மாத்தினார். கோட்டை மாட்டினார். நான் தைச்சதை மறந்துட்டார்."

செருப்புகள் பின்வாங்கப் பார்த்தன. பூட்ஸ் குறுக்கே வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு கான்ஸ்டபிள் மாடிப்படிக்கு அடியிலிருந்து துணிப்பையைக் கொண்டுவந்தார். கறுப்பு ஷூ. வெள்ளைக் கோட்டு. ஸ்கேன் கவர்.

"அந்தப் பேப்பர்ல..." கட்டிலிலிருந்து டீச்சரின் குரல் மெலிதாக வந்தது. "வீட்டை எழுதி வாங்கிட்டீங்களா? நான் படிக்கறதுக்குள்ள என்னை முடிச்சுட்டு, பழியை டாக்டர் தலையில..."

விலங்கு பூட்டும் சத்தம்தான் கேட்டது.

ரப்பர் செருப்புகள் வாசலைத் தாண்டும்போது டெய்லரம்மா கூப்பிட்டாள். முகத்தைத் தூக்காமல்.

"அன்னிக்கு யார் காலைப் பாக்கப் போறாங்கன்னு கேட்டீங்களே சார்... நான்தான். இன்னும் ஏழு நாளைக்கு எனக்கு வேற வேலையே இல்ல."