பூப் பக்கமும் புல் பக்கமும்

நிருசாவுக்கு வயிறு எரிந்தது. பசியால் அல்ல, பஹ்மியாவின் பூக்களால்.

பள்ளிக்கூட வாசலோரம் நீளமாக ஒரு பாத்தி. அதைப் பராமரிக்க ஆறாம் வகுப்பில் சுலோஜனா ரீச்சர் சீட்டுத் துண்டு குலுக்கிப் போட்டார். பஹ்மியாவுக்குப் பூப் பக்கம் விழுந்தது. நிருசாவுக்குப் புல் பக்கம். எலுமிச்சைப் புல்லும் வெள்ளைக் கோடு போட்ட அலங்காரப் புல்லும் எவ்வளவு வடிவாக வளர்ந்தாலும் புல் புல்தானே! வெள்ளிக்கிழமை அதிபர் வந்து பார்ப்பார். நல்ல பக்கத்தில், வளர்த்தவரின் பெயர்ப்பலகை நடப்படும்.

"நிருசா, வீட்டில மாடு வளர்க்கிறீங்களோ?" என்று நிசாந்தன் கேட்டான். வகுப்பே சிரித்தது. பஹ்மியாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் நிருசாவை அதிகம் சுட்டது.

வியாழன் இடைவேளையில் நிருசா வழக்கம்போல வாழைப்பழத் தோலோடு வாசலுக்குப் போனாள். கோட்டைப் பக்கத்தில் ஆட்களோடு பழகித் திரியும் மான்கள் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு அந்நேரம் அங்கே வரும். ஒரு புள்ளிமான் தோலைத் தின்றுவிட்டு அவள் கையை நக்கியது. கை கழுவும் அவசரத்தில் நிருசா வாசல் படலைக் கதவைச் சாத்த மறந்துவிட்டாள்.

திரும்பிப் பார்த்தால் மான் உள்ளே! பஹ்மியாவின் செவ்வந்தியில் வாய் வைத்துவிட்டது.

ஒரு பூ போனது. நிருசா பேசாமல் நின்றாள். இரண்டாவதும் போனது. 'தின்னட்டும்' என்றது மனம். மூன்றாவது பூவை மான் இழுத்தபோது, வாளி தூக்கித் தூக்கிக் கொப்புளம் போட்ட பஹ்மியாவின் உள்ளங்கை நினைவுக்கு வந்தது.

"சூ! போ வெளியில!"

மான் மிரண்டு புல் பக்கம் தாவியது. எலுமிச்சைப் புல்லை முகர்ந்தது. தும்மிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனது.

பஹ்மியா ஓடி வந்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"படலையைத் திறந்து விட்டது நான்தான்," என்றாள் நிருசா. "முதல் ரெண்டு பூவையும் தின்னேக்க பார்த்துக்கொண்டு நிண்டனான். எரிச்சல்ல."

நிருசா மண்வெட்டியை எடுத்துத் தன் எலுமிச்சைப் புல்லைக் கிளப்பத் தொடங்கினாள்.

"என்னடி செய்யிறாய்? நாளைக்கு அதிபர் வாறார்! உன்ர பக்கம் மொட்டையாப் போகும்!"

"போகட்டும். மானுக்கு இந்த மணம் பிடிக்கேல்ல. உன்ர பூவைச் சுத்தி நடுவம். எந்த நேரமும் படலையில காவல் நிக்க ஏலாதே!"

பஹ்மியாவும் பக்கத்தில் குந்தினாள். மொட்டையான இடத்தில் நாலு செவ்வந்தியைக் கொண்டுபோய் நட்டாள்.

மறுநாள் அதிபர் பாத்தியை இரண்டு தரம் நடந்து பார்த்தார். "இதில எது ஆருடைய பக்கம்?"

"தெரியேல்ல சேர்!" என்றார்கள் இருவரும். அவர் சிரித்துக்கொண்டே ஒரே பலகையில் இரண்டு பெயரையும் எழுதச் சொன்னார்.

அவர் போனதும் பஹ்மியா மெல்லச் சொன்னாள். "ரெண்டு நேரமும் தண்ணி ஊத்தியும் இந்த வறண்ட கச்சான் காத்துக்கு என்ர பூ வாடும். உன்ர புல் சும்மா நிண்டு ஆடும். அதைப் பார்க்க எனக்கும் எரிச்சல்தான்."

"உண்மையாவோ?"

"ஓம். சரியான எரிச்சல்."

தன்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள்! நிருசாவுக்கு வாயெல்லாம் பல்.

"இன்னொருக்காச் சொல்லு," என்றாள்.