இரட்டையருக்கு ஓர் இலக்கணம்

சனிக்கோளின் நிலவான டைட்டனில் பிள்ளைகளுக்குப் பால்பல் விழுகிற வயதில் இலக்கணம் பதிப்பது வழக்கம். காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு மொழிவிதை, வலிக்காது. சொற்களைப் பிள்ளைகள் தாமாகவே பொறுக்கிக்கொள்ளும். அவற்றைக் கோத்துப் பேசும் முறையை அந்த விதை மூளையில் ஊன்றிவிடும். பனிக்கு அடியில் பதினான்கே குடும்பங்கள் இருந்த அந்தக் குடியிருப்பில் பள்ளிக்கூடம் ஏது? எந்தப் பாடத்திட்டம் வேண்டுமென்று பெற்றவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். வேர்பிடித்த பிறகு பிடுங்க முடியாது.

கோதைக்கு இரட்டைப் பிள்ளைகள், ஆம்பலும் இமயனும். அவர்களுக்கு ஐந்து வயதானபோதே தேடத் தொடங்கிவிட்டாள். கணவன் மீத்தேன் கப்பலில்; ஆண்டுக்கு ஒருமுறைதான் வருவான். சமையல், குளியல், விளையாட்டு எல்லாவற்றையும் சேவி என்ற வீட்டு இயந்திரம் பார்த்துக்கொண்டது. கோதை திரையின் முன் உட்கார்ந்து நூற்றுப் பன்னிரண்டு பாடத்திட்டங்களை ஒப்பிட்டாள்.

"இம்புட்டு யோசிக்க என்ன கெடக்கு? என் மவனுக்கு ஆறாந் தொகுப்பத்தான் போட்டேன். வேற்றுமை எட்டும் தண்ணி பட்ட பாடு" என்றாள் எதிர்வீட்டுச் செண்பகவல்லி.

"அதுல நாம், நாங்கள் ரெண்டும் தனித்தனியா வருதாக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானேடி?"

சிறுவயதில் கோதைக்குப் பதித்ததும் அப்படி ஒரு சுருக்கத் தொகுப்புதான். 'நாம்' தேவையற்றது என்று நீக்கியிருந்தார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா மருத்துவ அறையில் கிடந்தார். மறுநாள் அவரை அழைத்துப்போகலாம் என்று தெரிந்ததும் ஓடிப்போய், "அப்பா, நாளைக்கு நாங்க வீட்டுக்குப் போறோம்!" என்றாள். அவர் பூமியில் முழுத் தமிழ் பேசி வளர்ந்தவர். தன்னை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்றே எடுத்துக்கொண்டார். "போய்ட்டு வாம்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் விடிவதற்குள் போய்விட்டார். அவர் ஏன் அப்படித் திரும்பிப் படுத்தார் என்பது கோதைக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது.

அந்தத் தவறு தன் பிள்ளைகள் வாயில் வரவே கூடாது. இரண்டு ஆண்டுகள் தேடினாள். "அம்மா, இங்க பாரேன்" என்று வந்தவர்களை, "இருங்க கண்ணு, உங்களுக்காகத்தான் பாத்துட்டிருக்கேன்" என்று அனுப்பினாள். கடைசியில் தன்மைப் பன்மைக்கு மட்டுமே நாற்பது பயிற்சிகள் கொண்ட ஒரு பாடத்திட்டம் கிடைத்தது. ஏழாவது பிறந்தநாளில் இருவருக்கும் பதித்தார்கள்.

மூன்று மாதம் கழித்து, கணவன் வருவதாகச் செய்தி வந்தது.

"அம்மா, அப்பா வர்றப்ப நாங்க கப்பல்துறைக்குப் போறோம்!" என்றாள் ஆம்பல்.

கோதை சட்டெனத் திரும்பினாள். "நாம போறோம்னு சொல்லணும் கண்ணு."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏன்? நீயும் வர்றியாம்மா?" என்றான் இமயன். குரலில் குறும்பு இல்லை, மெய்யான வியப்பு.

அன்றே பாடத்திட்டக் குழுவின் தேர்வாளரைத் திரையில் அழைத்து, விதையில் பழுது என்று முறையிட்டாள். தேர்வாளர் வயதான பெண்மணி. விதைகளில் சேர்ந்திருந்த பேச்சுப் பதிவுகளை நெடுநேரம் ஆராய்ந்துவிட்டு நிமிர்ந்தார்.

"பழுது ஒண்ணும் இல்லைம்மா. ரெண்டு பேருக்கும் நூத்துக்கு நூறு."

"அப்ப 'நாம'ங்கிற சொல்லு அவங்களுக்கு ஏன் வரமாட்டேங்குது?"

"வருதே. சேவிகிட்ட ஒரு நாளைக்கு எரநூறு தடவை வருது. 'நாம சாப்பிடலாம், நாம ஒளிஞ்சு விளையாடலாம்'னு." அவர் சற்றுத் தயங்கினார். "கேக்கிறவங்களயும் சேத்துக்கிட்டாத்தானேம்மா 'நாம'? உங்களோட சேந்து அவங்க ஏதாச்சும் செஞ்சிருக்காங்களான்னு தேடிப் பாத்தேன்..."

அவர் முடிப்பதற்குள் கோதை தொடர்பை அறுத்தாள்.

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல், தோள் குலுங்க, வெகுநேரம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைத் திறந்தாள். பதித்த விதையின் மேல் ஊன்றக்கூடிய துணைப்பாடங்கள் இருந்தன. 'உறவு இலக்கணம்' என்ற தலைப்பில் அறுபத்து மூன்று. ஒவ்வொன்றின் மதிப்புரைகளையும் படிக்க ஆரம்பித்தாள்.

அப்போது மேலே, பனித்தரையில் மீத்தேன் மழை தொடங்கியது. பதினோரு ஆண்டுகளில் முதல் மழை. திராட்சை அளவுத் துளிகள் பஞ்சு போல மெல்ல மெல்ல இறங்கும். குடியிருப்பு முழுவதும் மேலேயிருந்த கண்ணாடி நோக்குமாடத்துக்கு ஓடியது. ஆம்பல் வாசலில் வந்து நின்றாள். பின்னால் இமயன், சேவியின் கையைப் பிடித்தபடி.

"அம்மா, மழை பெய்யுதாம். நாங்க பாக்கப் போறோம்."

"பத்திரமாப் போய்ட்டு வாங்க கண்ணு" என்றாள் கோதை, ஒன்பதாவது மதிப்புரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.