தோற்ற வழியால் திரும்பி வராதது

உச்சிவெயிலில், படலைக்கு வெளியே யாக்கோப்பின் குரல் "ஞானசவுந்தரி" என்று கூப்பிட்டபோது, கடலுக்குப் போய்ப் பன்னிரண்டு நாளாய்த் திரும்பாத புருசன் வந்துவிட்டான் என்றுதான் அவள் எழுந்து ஓடினாள். சோளகக் காற்றில் பனையோலைகள் உரசிக்கொண்டிருந்தன, கரையிலிருந்து அழுகிய சாதாழைப் பாசியின் நாற்றம் வந்தது, அந்தக் குரலில் மட்டும் காற்றுப் படவேயில்லை. வாசலில் அவள் கால் நின்றுவிட்டது.

"என்ர மனுசன் ஒருநாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'இஞ்சாரும்' எண்டுதான்" என்றாள் கதவுக்குப் பின்னால் நின்று. ஊர்காவற்றுறையில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் குறைவு.

மச்சாள் மரியநாயகி வந்து, யாக்கோப்பு செத்துப்போனான் என்று அவனுக்குப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி அழுதாள். அவர் வந்தால் யார் கதவு திறப்பது என்று கேட்டு அவளைத் திருப்பி அனுப்பினாள் ஞானசவுந்தரி.

மறுநாள் அதே உச்சியில், முன்வாசலில், "இஞ்சாரும்" என்றது அந்தக் குரல். யாக்கோப்பு கூப்பிடுகிற மாதிரியேதான். அவள் விடவில்லை. வலையும் ஈரமுமாய் அவர் முன்வாசலால் வாறவரே, குசினிப் பக்கத்தாலல்லவோ என்று நக்கலடித்தாள். மூன்றாம் நாள், அவள் அடுப்படியில் நிற்க, குசினிக் கதவு தட்டுப்பட்டது. யாக்கோப்பின் சுருட்டு மணம் இல்லையே என்று அதையும் சொன்னாள்.

"கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. உன்ர புளுகு மூண்டு நாளும் தாங்கேல்லை."

அன்று பின்னேரம், பயத்தை மறக்க, தானே எதிராடுகிற மின்சாரச் செஸ் பெட்டியை எடுத்தாள். யாக்கோப்பின் தம்பி பிலிப்பு ஜேர்மனியிலிருந்து அனுப்பியது. போன கிழமை ராணியையும் குதிரையையும் சேர்த்து ஓடவிட்டு, தொடக்கத்திலேயே அதை மடக்கியிருந்தாள். இன்று பெட்டி அதே ராணியை, அதே குதிரையை அவள்மேல் ஏவியது. பிலிப்பு அப்போதே கடிதத்தில் எழுதியிருந்தான்: இது தோற்ற ஆட்டத்தை மறக்காது, தோற்ற வழியால் பிறகு போகாது, வென்றவரின் நகர்த்தலைத் தனதாக்கிக்கொள்ளும்.

அவள் பெட்டியை மூடினாள். கதவடியில் நின்றதற்கு மூன்று நாளாய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தது அவளேதான்.

நாலாம் நாள் சுருட்டு மணம் முதலில் வந்தது. பிறகு குசினிக் கதவடியில், "இஞ்சாரும்." எல்லாம் அவ்வளவு சரி. அழுகை வந்தது. கை கதவைத் தாழிட்டிருந்த திறாங்குவரை போய், அதை இழுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பிழையான பாடம் ஒன்று கொடுக்கலாமே என்று தோன்றியது.

"வீட்டுக்காரன் வெளியில நிண்டு கூப்பிடுவானோ? என்ர மனுசன் கூப்பிடுறதேயில்லை."

பச்சைப் பொய். அதன் வாயை அடைக்கச் சொன்ன பொய்.

ஐந்தாம் நாள். உச்சி. குரல் இல்லை. மணம் இல்லை. கதவில் காதை வைத்துக் கேட்டாள். காற்று மட்டும். வென்றுவிட்டாள். திரும்பினாள்.

கதிரையில் அது உட்கார்ந்திருந்தது.

யாக்கோப்பு போட்டிருந்த சேட்டு. யாக்கோப்பின் முகம். ஒரு பிழையும் இல்லை. கண் மட்டும் இமைக்கவில்லை. இமைக்க அது இன்னும் பழகவில்லை. அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியில் நிற்காதே என்று தானே சொல்லிக்கொடுத்தது அவளுக்கு விளங்கிவிட்டது. இனி ஒரு பாடமும் கிடையாது. கதவில் முதுகை ஊன்றினாள். வாயை இறுக்கினாள். கண்ணை அகலத் திறந்து அதை நேருக்கு நேர் பார்த்தாள். எரிந்தது. இமைக்கவில்லை. கண்ணீர் கன்னத்தால் வடிந்தது.

அதன் கண்ணிலிருந்தும் வடியத் தொடங்கியது.