நான் இல்லாதபோது பாடுகிறவள்

இத்தாலியின் பலேர்மோவில், வீட்டுவேலைக்குப் போகும் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களிடம் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. வேலைவீட்டுச் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, குடும்பத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அக்கா பிள்ளைப்பேற்றுக்குப் போனால் தங்கச்சி போய் அந்த வீட்டைக் கூட்டித் துடைப்பாள். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தால் புருசன் போவான். வீட்டுக்கார சிஞ்ஞோராவிடம் மட்டும் உண்மையைச் சொல்ல மாட்டோம். "ஊருக்குப் போயிருக்கிறா, வந்திடுவா" என்போம். நோய் வருத்தம் என்று சொன்னால் பாவம் பார்த்து ஒரு கிழமை பொறுப்பார்கள். மற்றக் கிழமை வேறு ஆள் வந்து நிற்கும்.

நானும் அதைத்தான் செய்தேன். என் மனைவி றோசமலர் ஏப்ரலில் படுக்கையில் விழுந்தபோது, இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை செய்த வீட்டுக்குப் போன் எடுத்தேன். "மலர் ஊருக்குப் போயிருக்கிறாள். கட்டாயம் திரும்பி வருவாள். அவளுடைய வேலையை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள்" என்று எனக்குத் தெரிந்த உடைந்த இத்தாலியனில் சொன்னேன்.

மே மாதம் அவள் செத்துப்போனாள். அந்தப் பொய்யைத் திருத்த எனக்குத் தைரியம் வரவில்லை. நான் கோப்பை கழுவிய உணவகம் மூடி ஒரு வருடமாகியிருந்தது. நாங்கள் இருக்கிற ஒரேத்தோ பக்கத்தில் வீட்டு வாடகை யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள், மலர் வரும்வரை நான் வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டு, அவளுடைய திறப்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். வியா மக்வேதா தெருவிலிருந்து பிரிகிற சந்து. கீழே தோல்பை விற்கும் கடை, மேலே நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. மதியம் இரண்டு மணி. அந்த நேரத்தில் பலேர்மோ செத்த ஊர். யன்னல் எல்லாம் மூடியிருக்கும், தெருவில் நாய்கூடக் குரைக்காது. அறுபத்தாறு வயதில் நான்கு மாடி ஏறியபோது, இருபத்திரண்டு வருடம் இதை ஏறியவளிடம் ஒருநாளும் முழங்கால் நோகுதா என்று கேட்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

கதவைத் திறந்தேன். உள்ளே இருட்டு. வெயிலுக்காக மரச்சட்ட யன்னல்களை இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். பிளீச் மணத்தது. அதற்கு அடியில் மெல்லிதாக, மலர் இரவில் பூசுகிற கோடாலித் தைலமும் மணத்தது.

"ஏர்னஸ்றா? சப்பாத்தைக் கழற்று" என்றாள் சிஞ்ஞோரா எமிலியானா உள்ளறையிலிருந்து. "இப்பதான் துடைச்சிருக்கு."

குனிந்து தரையைத் தொட்டேன். ஈரம்.

எழுபத்தெட்டு வயதுக் கிழவி. கண் பாதிதான் தெரியும், தடி இல்லாமல் இரண்டு அடி வைக்க முடியாது. "ஆர் துடைச்சது சிஞ்ஞோரா?" என்று கேட்டேன்.

"ஆர் துடைப்பாள்? றோசாதான். திரும்பி வருவாள் எண்டு நீதானே சொன்னனி. வந்திட்டாள்."

கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தேன். அயலவர் யாராவது உதவிக்கு வந்திருக்கலாம் என்றும் நினைத்தேன். மனம் தனக்கு வசதியானதைத்தானே முதலில் நினைக்கும்.

அன்று பின்னேரம் கோப்பி போட்டுக் கொடுத்தேன். சிஞ்ஞோரா கதைக்கத் தொடங்கினாள். இளமையில் அவள் பலேர்மோவில் நடந்த ஒரு றொக் கச்சேரியையும் தவறவிட்டதில்லையாம். ஸ்டேடியப் புல்லில் மூன்று இரவு படுத்துக் கிடந்தாளாம். தகப்பன் பெல்ட்டால் அடித்தானாம். அடிபட்டுக்கொண்டே அடுத்த கச்சேரிக்கும் போனாளாம்.

"றோசா பாடினால் எனக்கு இருபத்துநாலு வயசு" என்றாள். "எனக்காகத் தினமும் பாடுவாள். நேற்றும் பாடினவள்."

என் கோப்பையை மேசையில் வைத்தேன். எனக்குத் தெரிந்து மலர் பாடி நாற்பத்திரண்டு வருடம்.

அதைச் சொல்லத்தான் வேண்டும், சொல்ல நா கூசினாலும். எண்பத்தோராம் ஆண்டு மன்னாரில் எங்களுக்கு ஒரு இசைக்குழு இருந்தது. பெயர் 'த றெட் லான்ரேன்ஸ்'. தோளுக்குத் தலைமயிர், தெருவைக் கூட்டும் பெல்பொட்டம், ஆங்கிலப் பாட்டில் பாதி வரிக்கு எங்களுக்கே அர்த்தம் தெரியாது. நான் கிற்றார். பாட ஒரு பெண். அவள்தான் றோசமலர். மடுப் பக்கம் ஒரு கச்சேரியில் ஜெனரேற்றர் நின்றுபோனது. மைக் இல்லை, வெளிச்சம் இல்லை, இரண்டாயிரம் சனம். பொடியங்கள் விசிலடித்துக் கல் எறியத் தொடங்கினார்கள். அந்த இருட்டில் மலர் வெறும் தொண்டையால் எங்கள் சொந்தப் பாட்டைப் பாடினாள். மெட்டு என்னுடையது, வரி அவளுடையது. சனம் அப்படியே அடங்கிப்போனது. அன்றைக்குத்தான் அவளில் விருப்பம் வந்தது. அன்றைக்கே பொறாமையும் வந்தது.

நிச்சயதார்த்தத்தன்று, "இனி மேடை வேண்டாம்" என்றேன்.

"வீட்டிலை பாடலாமோ?" என்று கேட்டாள்.

"அயலுக்குக் கேக்கும்" என்றேன்.

அவ்வளவுதான். கோவில் பாடற்குழுவிலும் அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் நான் கிற்றாரை விடவில்லை. பலேர்மோவில் எந்த ஞானஸ்நான விருந்திலும் இரண்டு கிளாஸ் போனதும் எடுத்து வைத்துக்கொண்டு றெட் லான்ரேன்ஸ் புராணம் தொடங்குவேன். மலர் ரோல்ஸ் பலகாரத் தட்டோடு எனக்குப் பின்னால் போவாள். ஒருவராவது அவளைப் பார்த்து "அந்தப் பாட்டுக்காரி ஆர்?" என்று கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. நான் நல்ல மனுசன் என்று ஊர் சொல்லும். ஊருக்கு என்ன தெரியும்?

இரண்டாம் நாள் படி ஏறும்போது அது கேட்டது.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். மேலே, மூடிய கதவுக்கு உள்ளே, ஒரு பெண் பாடினாள். எங்கள் பாட்டு. அதை நாங்கள் எங்கும் பதிவு செய்ததில்லை. குழுவில் மற்ற நான்கு பேரும் கடலிலோ சண்டையிலோ போய்விட்டார்கள். உலகத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான், அதில் ஒருத்தியை நான் என் கையால் மண் போட்டு மூடியிருந்தேன்.

ஓடி ஏறித் திறப்பைப் போட்டேன்.

பாட்டு நின்றது.

தரை ஈரமாக இருந்தது. பல்கனியில் வாளித் தண்ணீர் இன்னும் சூடாக இருந்தது.

அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும் அப்படி. சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறினேன். திறப்புக்கு எண்ணெய் போட்டேன். கதவில் காதை வைத்து நின்றேன். என் காது மரத்தில் பட்ட நொடியில் பாட்டு அறுந்தது. எனக்குப் பயத்தை விட அழுகைதான் முந்தி வந்தது. செத்த பிறகும் அவள் என் சொல்லைத் தட்டவில்லை.

ஆனால் எனக்கு அது வேண்டும். ஒரே ஒரு தரம், தொடக்கம் முதல் முடிவு வரை, அவள் பாடிக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

ஜூலையில் சிறோக்கோ என்கிற பாலைவன வெக்கைக் காற்று அடித்த ஒரு நாள், அவளை ஏமாற்றப் பார்த்தேன். வேலை முடித்து, "போட்டு வாறன் சிஞ்ஞோரா" என்று உரக்கச் சொன்னேன். கதவைத் திறந்து, வெளியே போகாமல், உள்ளே நின்றபடியே அடித்துச் சாத்தினேன். பிறகு சாப்பாட்டறை மூலையில், அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இருட்டு. யன்னல் இடுக்கில் மணல்காற்று உரசியது.

பத்து நிமிடம் இருக்கும். சமையலறையில் குழாய் திறந்தது.

வாளியில் தண்ணீர் விழுந்தது.

துடைப்பானைப் பிழியும் சத்தம். பிறகு செருப்பு. இடது காலை இழுத்து இழுத்து வைக்கும் நடை. முழங்கால் நோவுள்ளவளின் நடை.

அவள் பாடத் தொடங்கினாள்.

குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, வயதுக் குரல். ஆனால் சுருதி ஒரு மயிரிழை விலகவில்லை. நடையறை வழியாகத் துடைத்துக்கொண்டே வந்தாள். கோடாலித் தைலம் மூக்கில் ஏறியது. அறை வாசலில் ஒருவரும் இல்லை. ஆனால் தரை நனைந்துகொண்டு வந்தது. அகலமான ஈரப் பட்டை ஒன்று, ஒரு தரம் இடப்பக்கம், ஒரு தரம் வலப்பக்கம்.

என் முன்னால் வந்தது.

என் கால்விரலுக்கு முன்னால் ஒரு கணம் நின்றது. பிறகு என் இரண்டு கால்களையும் சுற்றி, மெதுவாக, தொடாமல் துடைத்தது. வீட்டில் நான் டிவி பார்க்கும்போது காலைத் தூக்க மாட்டேன். அவள் இப்படித்தான் சுற்றித் துடைத்துவிட்டுப் போவாள். பல்லவி முடிந்து என் கிற்றார் வரவேண்டிய இடம் வந்தது. அவள் அந்த இடத்தை வெறுமையாக விட்டுக் காத்திருந்தாள்.

"மலர்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "நீர் பாடும், மலர். நான் கேக்கிறன்."

துடைப்பான் தரையில் விழுந்தது.

அறை பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. ஜூலை மாதம், சிறோக்கோ நாளில், என் மூச்சு எனக்குப் புகையாகத் தெரிந்தது. செருப்புச் சத்தம் பின்வாங்கி, பின்வாங்கி, சமையலறைக்குள் போய் நின்றது. தப்புச் செய்து பிடிபட்டவள் ஒதுங்குவதுபோல ஒதுங்கிப் போனாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்படியே தரையில் குந்தியிருந்து அழுதேன். சிஞ்ஞோரா தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மலர் ஊருக்குப் போகவில்லை, மே மாதம் செத்துவிட்டாள், நான் உங்களுக்குப் பொய் சொன்னேன் என்றேன்.

கிழவி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து என் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

"மெதுவாகக் கதை" என்று குசுகுசுத்தாள். "அவளுக்கு இதைச் சொல்லிப் போட்டியா?"

"இல்லை."

"சொல்லாதே. வேலை இன்னும் தன்ரை எண்டு நினைச்சு வாறாள். போனால் எங்கை போய்ப் பாடுவாள்?"

அன்றிரவு நித்திரை வரவில்லை. பூசைக்குக் கொடுத்து அவளை அனுப்பிவிடுவதா, அல்லது என் பொய்யை அப்படியே விட்டுவைப்பதா? செத்தவளை வீடு துடைக்க விடுகிறவன் மனுசனா? ஆனால் நாற்பத்திரண்டு வருடம் அடக்கிய வாயை மறுபடி நானே போய் அடைக்கிறதா? ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த வீட்டில் கூடாத ஆள் நான்தான்.

மறுநாள், எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்த அமலினியிடம் திறப்பைக் கொடுத்தேன். முதல்முறையாகத் திறப்பு எங்கள் குடும்பத்தை விட்டுப் போனது. "அன்ரி வந்தவுடனை திருப்பித் தாறன்" என்று பழக்கதோசத்தில் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள் அந்தப் பிள்ளை. நான் அவளுக்கு ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை.

மூன்றாம் நாள், மதியம் மூன்று மணிக்குக் கிட்ட, போன் அடித்தது.

"ஏர்னஸ்ற் அங்கிள், சிஞ்ஞோரா ரேடியோவை எங்கை வைச்சிருக்கிறா? சத்தம் கூடவாக் கிடக்கு. நான் போன வீட்டிலையெல்லாம் இப்பிடித் தமிழ்ப்பாட்டு கேட்டதில்லை."

அந்த வீட்டில் ரேடியோ கிடையாது.

அமலினியின் குரலுக்குப் பின்னால் மலர் பாடிக்கொண்டிருந்தாள். தொண்டையைத் திறந்து, மடு மேடையில் பாடியதுபோல.

"அங்கிள்? லைனிலை நிக்கிறியளோ?"

குரல் காட்டினால் அறுந்துவிடும் என்று போனைக் காதோடு அழுத்தினேன். பாட்டு முதல் வரிக்குத் திரும்பியது. பல்லவி போனது. கிற்றார் வரும் இடம் போனது. கடைசி வரி போனது. உள்ளறையில் சிஞ்ஞோரா கை தட்டுவது கேட்டது. என் மனைவியின் பாட்டை நான் நாற்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு முழுதாகக் கேட்டேன். கண்ணீர் சட்டையை நனைத்தது.

"நிண்டிட்டுது" என்றாள் அமலினி. "நீங்கள் வையுங்கோ, நான் பிறகு எடுக்கிறன்."

அவள் வைத்த சத்தம் கேட்டது. ஆனால் லைன் அறுபடவில்லை. துடைப்பான் பிழியும் சத்தம் ஒருதரம். பிறகு யாரோ போனுக்குக் கிட்ட வந்து மூச்சு வாங்கினார்கள்.

"இஞ்சருங்கோ" என்றது அந்தக் குரல், வீட்டில் என்னைக் கூப்பிடுகிற மாதிரியே. "சாப்பிட்டியளோ?"

நான் மற்றக் கையால், சிஞ்ஞோரா பொத்தியதுபோல, என் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.