கல்லின் முகம்

சமையலறைக்குப் போகும் நடைவழிச் சுவரில் ஏதோ ஆகியிருக்கிறது என்பது ருக்மிணிக்குக் கையால்தான் முதலில் தெரிந்தது. மாலை மழையில் கரண்ட் போயிருந்தது; இன்வெர்ட்டரும் வழக்கம்போலக் காலை வாரிவிட்டது. மெழுகுவத்தியைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டே போனபோது, விரலில் மணல் மணலாக உறுத்த வேண்டிய பெயிண்ட், இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு பட்டையாக மட்டும் சில்லென்று வழுக்கியது. கையை மேலே கொண்டுபோனால் சொரசொரப்பு, கீழே இறக்கினாலும் சொரசொரப்பு. நடுவில் மட்டும், யாரோ பல வருஷம் விடாமல் தேய்த்ததுபோல் அப்படி ஒரு வழுவழுப்பு. வீட்டுக்குக் குடிவந்து ஒரு மழைக்காலம்கூட இன்னும் முழுசாக முடியவில்லை.

போன வாரம் இதே சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மினுமினுப்பைப் பரத்திடம் காட்டியிருந்தாள். "போனைப் பாத்துக்கிட்டே நடந்தா இப்படித்தான். உரசி உரசிச் சுவத்துக்கே பாலிஷ் போட்டுட்ட" என்று சிரித்தான். கட்டிக்கொண்டவன் கேலி செய்தால் பயம் பாதி போய்விடும், அன்றைக்குப் போனது. இன்று அவன் எலக்ட்ரானிக் சிட்டி ஆபீஸிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அவன் வந்துவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று இருந்தது அவளுக்கு.

மெழுகுவத்தி கிடைத்தது. ஏற்றிக் கீழே பார்த்தாள். சுவரோரம் நெடுகக் கோலமாவு சிந்தியதுபோல் வெளுத்த தூள். குனிந்து விரலில் எடுத்துத் தேய்த்தாள். இந்தத் தூளை அவள் முன்பே தொட்டிருக்கிறாள்.

அத்திபெலே தாண்டிக் காலியாகக் கிடந்த மேட்டில் இந்த லேஅவுட்டைப் போட்ட சைட் இன்ஜினியர் அவள்தான். தான் போட்ட லேஅவுட்டிலேயே, பூங்காவுக்கு நேரெதிரே வீடும் வாங்கிக் குடிவந்துவிட்ட கெட்டிக்காரி. ரோட்டுக்கு அளந்தபோது குறுக்கே நின்றது அந்தக் கல்திட்டை. நான்கு பக்கமும் ஆளுயரக் கற்பலகைகள், மூடியாக மேலே ஒன்று, ஒரு பலகையில் மட்டும் நெஞ்சு உயரத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டத் துளை. எத்தனை ஆயிரம் வருஷத்துப் பழசு என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தொல்லியல் ஆட்கள் காதுக்கு விஷயம் போவதற்குள் அதைப் பூங்காவுக்கு மாற்றிவிட வேண்டும் என்று கம்பெனியில் அவசரப்பட்டார்கள். அவளும் தலையாட்டினாள்.

மாற்றி நிறுத்தி, ஆட்கள் குடிவந்த நாளிலிருந்து குடியிருப்போர் குரூப்பில் அதைப் பற்றி ஒரே சண்டை. அது கல்லறைதான், துளை ஆவி போய்வர வைத்தது என்றார் ரிட்டயர்ட் வாத்தியார் சுந்தரம். தியானம் செய்கிற இடம் என்றாள் யோகா வீணா. "கணஜ மேடம் இது, ராகி கொட்டி வைக்கிற எடம். நம்ம அஜ்ஜி ஊர்ல பாத்திருக்கேன், துளை வழியாத்தான் அள்ளுவாங்க" என்று கன்னடம் கலந்த தமிழில் வாய்ஸ் மெசேஜ் போட்டார் செகரெட்டரி மஞ்சுநாத். எதற்குக் கட்டினார்கள் என்று தெரியாத ஒன்றைப் பற்றித்தான் மனிதர்களுக்கு எத்தனை நிச்சயம். மூடியைத் தூக்கியபோது ருக்மிணி எட்டிப் பார்த்திருந்தாள். எலும்பு இல்லை, பானை இல்லை, தானியமும் இல்லை. முழங்கால் ஆழத்துக்குக் கல்தூள்தான் இருந்தது. பலகைகளை எடுத்தபின் ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்; சலித்த மாவு மாதிரி, அத்தனை மெல்லிசு.

பலகைகளைத் தரையில் கிடத்தி மோட்டார் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவினார்கள். காலங்காலமாகப் படிந்த பாசி ஒரே மதியத்தில் போனது. உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்கிற அடையாளமும் அதோடு சேர்ந்து போனது. கிரேன் காத்துக்கொண்டிருக்க, பெருமாள்சாமி மேஸ்திரி வந்து கேட்டார்.

"மேடம், முகம் எந்தப் பக்கம்?"

கட்டட வேலையில் எந்தக் கல்லுக்கும் ஒரு முகம் உண்டு. பார்வைக்கு லட்சணமான பக்கம் வெளியே தெரிய வேண்டும், மூளிப்பக்கம் உள்ளே போக வேண்டும். பலகைகளில் ஒரு பக்கம் முழுக்கக் கரடுமுரடு. மறுபக்கத்தில் நடுவாக்கில் ஒரு பட்டை, முகம் தெரிகிற அளவுக்கு மினுமினுப்பு.

"இதென்ன கேள்வி மேஸ்திரி? பளபளன்னு இருக்கறதுதானே முகம்?"

"அதான் நானும் நெனச்சேன். மொகத்தை உள்ள வச்சுக் கட்டறவன் எவன் இருக்கான்?"

பட்டை வெளியே தெரிய, நான்கு பலகைகளையும் நிறுத்தி மூடியை இறக்கினார்கள். அழகாகத்தான் இருந்தது. பரத் அதன்மேல் சாய்ந்து போட்டோகூட எடுத்துக்கொண்டான்.

இப்போது மெழுகுவத்தி வெளிச்சத்தில் போனை எடுத்து, இடம் மாற்றுவதற்கு முன்பு எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். துளைக்குள் போனை நீட்டி ஃபிளாஷ் போட்டு எடுத்த படம் ஒன்று இருந்தது. எடுத்ததோடு சரி, அன்றைக்கு அதைப் பார்க்கக்கூட நேரமில்லை. படத்தில் விழுந்த மூன்று உள்சுவர்களிலும் ஒரே உயரத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் வழிந்திருந்தது.

பட்டை உள்ளேதான் இருந்திருக்கிறது. உளி வைத்துச் செய்த வேலையில்லை அது. கோயில் தூணில் ஆட்கள் சாய்ந்து சாய்ந்து ஒரு உயரத்தில் மட்டும் மினுமினுப்பு ஏறுமே, அந்தத் தேய்மானம். அந்த நாலடிச் சதுரத்துக்குள் ஏதோ ஒன்று சுவரை ஒட்டிச் சுற்றியிருக்கிறது. கல் மாவாகி முழங்கால் ஆழத்துக்குக் கொட்டும்வரை சுற்றியிருக்கிறது. கட்டியவர்கள் அதை அடக்கம் செய்யவில்லை. அடைத்து வைத்திருக்கிறார்கள்.

உள்பக்கத்தை அவள் வெளியே திருப்பி வைத்துவிட்டாள்.

சர்ர்ர்.

ஹாலிலிருந்து வந்தது. கனமான கோணியைச் சுவரோடு இழுத்துக்கொண்டு போவதுபோல், அவசரமே இல்லாத சத்தம். டி.வி. இருக்கும் மூலைவரை போய் நின்றது. திரும்பியது. நடைவழிக்குள் வந்தது. ருக்மிணி எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டப் போனவள், ஒட்டக் கூடாது என்று நடுவிலேயே நின்றாள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. சுவரிலிருந்து தூள் மட்டும் உதிர்ந்தது, இங்கே, பிறகு கொஞ்சம் தள்ளி, பிறகு அவளுக்கு நேரே. மழையில் நனைந்த பாறையின் வாசனை மூக்கை அடைத்தது. அவளைத் தாண்டிச் சமையலறைக்குள் போயிற்று.

போன் அடித்தது. பரத்.

"கேட் கிட்ட வந்துட்டேன். ரோடெல்லாம் தண்ணி, காரை வெளியவே போட்டுட்டேன். பார்க் வழியா நடந்து வரேன்."

"வராத பரத். உள்ள வராத. நான் வெளிய வரேன்."

"ஏன், என்னாச்சு ருக்கு?"

லைன் அறுந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

தெருவில் மழை நின்றிருந்தது. எந்த வீட்டிலும் ஒரு விளக்கில்லை, நாய்க் குரைப்பில்லை. போன் டார்ச்சை அடித்தாள். இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர்கள், எல்லாவற்றிலும் அதே உயரத்தில் அதே பட்டை. கேட்டுக்குப் போகும் ரோடு நூல் பிடித்த மாதிரி நேரானது. அவளே நின்று போட வைத்தது. நேராக ஓடினாள். கிளம்பிய இடத்துப் பூங்கா வந்தது. மறுபடி ஓடினாள். மறுபடி பூங்காவே வந்தது. அண்ணாந்து பார்த்தாள். மேகமில்லை, நட்சத்திரமில்லை. தட்டையான கறுப்பு ஒன்று மேலே இருந்தது, அதுவும் உயரத்தில் இல்லை.

கல்திட்டையின் துளையில் மட்டும் வெளிச்சம்.

குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் தெருவிளக்கு எரிந்தது. குடையோடும் ஆபீஸ் பையோடும் பரத் நடந்து வந்துகொண்டிருந்தான்.

"பரத்!"

சுற்றுமுற்றும் பார்த்தான். கிட்டே வந்தான். டார்ச் அவள் கண்ணில் அடித்தது. அவன் முகம் வெளுத்தது.

"ருக்கு? நீ எப்படி இதுக்குள்ள போன?"

புல்லின்மேல் நின்றுகொண்டிருந்தாள் அவள். திறந்த பூங்காவில். அவள் திருப்பி நிறுத்திய கல்லுக்கு இப்போது இதுதான் உள்பக்கம்.

"என்னை வெளிய எடு" என்றாள். அழுகை வந்துவிட்டது. வலது கையைத் துளைக்குள் தோள்வரை விட்டாள். அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சூடான, மழை ஈரமான கை. இழுத்தான். நெஞ்சு கல்லில் மோதியது. அதற்குமேல் போகவில்லை.

"மூடியத் தூக்கணும். ஆளுங்களக் கூப்பிடறேன், ஒரு நிமிஷம்."

"கையை விடாத!"

சர்ர்ர்.

பின்னால், தூரத்துச் சுவரில். ஒரு மூலை. திரும்பியது. கிட்டத்துச் சுவரில். இன்னொரு மூலை. இப்போது அவள் ஒட்டிக்கொண்டிருக்கும் கல்லுக்கு வந்துவிட்டது. வழியில் அவள் நின்றாள்.

மூச்சை அடக்கினாள்.

அது நிற்கவில்லை. கோபமும் இல்லை. சுவர்மேல் சாய்கிற மாதிரி அவள் முதுகில் சாய்ந்தது. குளிர்ந்த, பெரிய கனம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை நிதானமாக உரசிக்கொண்டே கடந்தது. போய்விட்டது.

வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இடது கையைப் பின்னால் கொண்டுபோனாள். குர்த்தாத் துணி அங்கே இல்லை. தோலைத் தடவினாள். முதுகுத்தண்டின் முடிச்சுகளைத் தேடினாள். ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. சில்லென்று, சமமாக, வழுவழுவென்று இருந்தது. விரலெல்லாம் தூள்.

"போன் பண்ணிட்டேன் ருக்கு" என்றான் பரத், ஒரு கையால் அவள் கையை இறுக்கிக்கொண்டு. "கிரேன் வருது. இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்படியே நில்லு."

அப்படியே நின்றாள். அடுத்த மூலையில் அது திரும்பும் சத்தம் கேட்டது.