அலுமாரிக்குள் இருந்த அறிக்கை

கிணற்றுக்குள் சிற்றம்பலத்தார் ஒருதரம் கையைத் தூக்கினார்.

மதுசன் நீளத் தடியால் அவர் உச்சந்தலையை அமத்திப் பிடித்தான்.

குமிழி நின்றது...

நெல் மூட்டை தூக்குவதைவிட லேசான வேலை.

வீட்டில் யாரும் இல்லை. அலுமாரியைத் திறந்தான். அக்கராயன் ஊர்க் கிணற்றுத் தண்ணீரையும் சிறுநீரக நோயையும் பற்றி, மூடிப்போன ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கிழவர் எழுதிய அறிக்கை. அச்சேறாதது. நூலகத்திலும் இல்லை, இணையத்திலும் இல்லை.

நிறுவனத்தின் பழைய பெட்டியொன்றில் ஒரு பிரதியைத் தேடிப்பிடித்து, அதையே தன் ஆய்வென்று கலாநிதிப் பட்டத்துக்குக் கொடுத்திருந்தான் மதுசன். விரிவுரையாளர் வேலை கைக்கெட்டும் தூரம். இடைஞ்சல் இரண்டே இரண்டு. கிழவர். அவரிடமிருந்த பிரதி.

இரண்டாவதைக் குசினி அடுப்புக்குள் திணித்தான்.

தவறி விழுந்தார் என்றது ஊர்.

"தவறி விழுந்தவருக்கு உச்சியில எப்பிடிக் காயம்?" என்றார் இன்ஸ்பெக்டர் ரூபன். "நீர் அங்க அடிக்கடி போறனீராம்?"

"ஆய்வுக்கு அறிக்கை தேடிப் போனனான் சேர். தான் ஒண்டுமே எழுதேல்லையெண்டவர். வெறுங்கையோட வந்தனான்."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் போனான். போகாவிட்டால்தானே சந்தேகம்!

பந்தியில் அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய பேராசிரியை ஜெயரூபி. எதிரே ரூபன்.

சிற்றம்பலத்தாரின் மனைவி இராசமலர் அச்சடித்த நினைவு மலர்ப் புத்தகத்தை நீட்டினா.

"தேவாரம் எல்லாற்ற மலரிலயும் வருது தம்பி. நாங்கள் இவர்ர அறிக்கையைப் போட்டனாங்கள். டைப் அடிச்ச கடையில கிடந்தது. நீங்களும் கனநாளாத் தேடினது அல்லோ?"

மதுசன் சோற்றுக் கவளத்தைத் திரும்ப இலையில் வைத்தான்.

"எ... எத்தினை அடிச்சனீங்கள் அம்மா?"

"முன்னூறு. இருக்கேக்க ஒருத்தரும் அச்சடிக்கேல்லை. செத்தாப் பிறகுதான் மனுசனுக்கு விடிஞ்சிருக்கு."

ஜெயரூபி பக்கத்தைப் புரட்டினா. நிமிர்ந்தா.

"மதுசன், இது உம்மட ஆய்வல்லோ? வரிக்கு வரி... அம்மா, இவர் இதை எப்ப எழுதினவர்?"

"இந்தத் தம்பி பள்ளிக்கூடம் போன காலத்தில."

பந்தி முழுக்க மலரைப் புரட்டும் சத்தம். முன்னூறு பிரதி... எந்த அடுப்பில் எரிப்பது?

ரூபன் ஆறுதலாக, அவசரமில்லாமல் கை கழுவிவிட்டு வந்தார்.

"ஒண்டுமே எழுதாத மனுசன் எண்டனீர்?"

மதுசன் வாசல் படலையைப் பார்த்தான். அங்கே இரண்டு பொலிஸ்காரர் பாயாசம் குடித்துக்கொண்டு நின்றார்கள்.

ரூபன் மலரின் அட்டையில் சிரித்துக்கொண்டிருந்த சிற்றம்பலத்தாரைத் தட்டினார்.

"வடிவான படம். வாரும், உம்மையும் எடுப்பம். முன்னால ஒண்டு... பக்கவாட்டில ஒண்டு."